இறந்த இடம்: வீடு

என் மகள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அவள் படிக்கும் பள்ளி வேறு, நான் கணக்குப் பாடம் எடுக்கும் பள்ளி வேறு. எட்டாம் வகுப்புக்குப் பின்னங்களைக் கூட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய விளையாட்டு ஆசிரியையிடமிருந்து போன் வந்தது. நானூறு மீட்டர் ஓட்டத்தின் கடைசி வளைவில் விழுந்துவிட்டாள், கால் இடறவில்லை, ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே மடிந்துவிட்டாள், முகத்தில் தண்ணீர் தெளிப்பதற்குள் தானே எழுந்துகொண்டாள், பயப்படாமல் வாருங்கள் என்றார். பயப்படாமல் வருவது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சாக்பீஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியிருக்கிறேன். இறங்கும்போது அது தூளாகிப் புடவையெல்லாம் அப்பியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மைதானத்து ஓரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது.

"காலையில சாப்பிடலம்மா, அவ்ளோதான். இதுக்குப் போய் அழுவுற. எல்லாரும் பாக்கறாங்க, கண்ணத் தொடச்சிக்கோ."

வில்லியனூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலிருக்கும் மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றி, வெயில்தான் என்று அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்று வெயில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் கதவைத் தட்டுவேன். "சோப்பு போட்டுக்கினு இருக்கேன், உயிரோடதான் இருக்கேன்" என்று உள்ளிருந்து கத்துவாள். மூன்றாம் நாள் என் கணவர், "இப்படியே போனா உனக்குத்தான் மொதல்ல வைத்தியம் பாக்கணும்" என்று சொல்லி எங்கள் இருவரையும் டவுனில் ஓர் இதய மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

அந்த மருத்துவர் என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். ஈசிஜி தாளை மேசையில் விரித்து, சிறிய அளவுகோலை வைத்து ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அளந்தார். நான் பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பு தேடுவதுபோலவே தேடினார். பிறகு நிதானமாக விளக்கினார். இதயம் ஒரு தடவை துடித்த பிறகு அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நேரம் நீளமாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் பார்க்க நல்ல ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். ஓடும்போதோ நீந்தும்போதோ திடீரென்று இதயம் தாளம் தப்பிவிடும். சில சமயம் தானே சரியாகிவிடும். சில சமயம் சரியாகாது.

"உங்க பொண்ணுக்குக் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கு. ஆனா நோய்னு சொல்ற அளவுக்கும் இல்ல, இல்லைன்னு சொல்ற அளவுக்கும் இல்ல. பார்டர்ல நிக்குது."

இன்னும் ஐந்து வாரத்தில் மாநில அளவிலான ஓட்டத் தேர்வு. அதற்காக என் மகள் இரண்டு வருஷமாக விடியுமுன் எழுந்து ஓடுகிறாள். நோய் இருந்து ஓடவிட்டால் உயிர் போகலாம். இல்லாத நோய்க்காக நிறுத்தினால் அவள் ஆசைப்பட்ட ஒரே விஷயத்தை நாங்களே பிடுங்கிக்கொண்டதாகும். மருத்துவருக்கும் அது தெரிந்திருந்தது.

"உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும், நாப்பது வயசுக்குள்ள யாராவது திடீர்னு தவறியிருக்காங்களா? தூக்கத்துல, ஓடும்போது, தண்ணியில? அப்படி ஒருத்தர் இருந்தாக்கூட நான் முடிவ மாத்திக்குவேன்."

என் கணவர் பக்கத்தில் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். என் பக்கத்தில் ஒரே ஒருவர்தான். அப்பாவின் தம்பி, கல்யாணமாவதற்கு முன்பே போய்விட்டார். காய்ச்சல் என்று வீட்டில் சொல்வார்கள்.

"என்ன காய்ச்சல்? எத்தன நாள் படுத்திருந்தாரு?"

எனக்குத் தெரியவில்லை. அவர் இறந்தபோது எனக்கு இரண்டு வயதோ மூன்று வயதோ.

"டெத் சர்ட்டிபிகேட் கிடைக்குமான்னு பாருங்க. வீட்ல காய்ச்சல்னு சொல்ற எல்லாம் காய்ச்சல் இல்ல."

அது தெரியும்வரை ஓடக்கூடாது என்றார். திரும்பும்போது மகள் என்னை விட்டுத் தள்ளி அவள் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாகூர் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். அம்மா போனபிறகு அப்பா அங்கே தனியாகத்தான் இருக்கிறார். எழுபத்தைந்து வயது. வாழ்நாளெல்லாம் பிறர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். இப்போது முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் டிவியில் செய்தி பார்த்து அரசாங்கத்தைத் திட்டுவதும்தான் வேலை. பேத்தி மயங்கி விழுந்ததை மட்டும் போனில் சொல்லியிருந்தேன். இதயம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. வயதானவர், ராத்தூக்கம் போய்விடும் என்று நினைத்தேன்.

"அப்பா, சித்தப்பா எப்படிப்பா செத்தாரு?"

"காய்ச்சல்."

"எத்தினி நாள் காய்ச்சல்?"

"இப்ப இன்னாத்துக்கு அது? எழுப்பிக் கேக்கப் போறியா?"

"சும்மாதான். டாக்டரு கேட்டாரு. சர்ட்டிபிகேட்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"வேணும்னா மேரியில போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். பிறப்பு இறப்பைப் பதியும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தை அப்பா இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெயரில் மேரி என்றுதான் சொல்வார். வாளியில் ஏற்கெனவே தண்ணீர் இருந்ததை நான் கவனித்தேன். எங்கள் வீட்டில் சித்தப்பாவைப் பற்றிய பேச்சு எப்போதும் இப்படித்தான் முடியும். அவர் படம்கூட வீட்டில் கிடையாது.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கொம்யூன் அலுவலகத்துக்குப் போனேன். பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் கேட்டார்.

"பேரு?"

சொன்னேன்.

"இது கூப்பிடற பேரு மேடம். எழுத்துல இன்னா பேரு?"

எனக்குத் தெரியாது. சொந்தச் சித்தப்பாவின் பெயர் தெரியாமல் ஒரு மேசைக்கு முன்னால் நின்றது வெட்கமாக இருந்தது.

"சரி, வருசம்?"

"எனக்கு அப்ப ரெண்டரை வயசு இருக்கும்."

"உங்க வயசு இன்னான்னு நான் கேக்க முடியுமா? கேட்டா அடிக்க வருவீங்க." பக்கத்து மேசையில் இருந்த பெண் சிரித்தார். "வருசமும் தெரியாது, பேரும் தெரியாதுன்னா நான் இன்னா ஜோசியக்காரனா?"

கரையாம்புத்தூரில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். சித்தப்பா செத்தபோது அவன் மூன்றாம் வகுப்பு, அது மட்டும் நிச்சயம் என்றான். அதை வைத்து இரண்டு வருஷங்களைக் குறித்துக்கொண்டோம். தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியும். மகன் பெயரைத் தேடுவதற்குப் பதிலாக, தகப்பன் பெயர் எழுதிய கட்டத்தில் தாத்தாவைத் தேடலாம் என்று அந்த எழுத்தரே வழி சொன்னார். மனு எழுதிக் கொடுத்தேன். எதற்கு வேண்டும் என்ற இடத்தில், மகளின் வைத்தியத்துக்காக என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. நான்காம் நாள் அவரே போன் செய்தார்.

சிவப்புத் துணி போட்டுக் கட்டிய பெரிய பதிவேடு. தொட்டால் உதிரும் தாள். தாத்தாவின் பெயருக்கு நேரே விரலை வைத்துக் காட்டினார். அந்த வரிசையில் இருந்த மகன் பெயரை நான் முதல் தடவையாக அப்போதுதான் படித்தேன். நல்ல பெயர். ஆண். வயது இருபத்தொன்று. இறந்த இடம்: வீடு. காரணம்: காய்ச்சல். தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்தை அவர் இன்றும் அப்படித்தான் கீழே இழுத்து முடிப்பார்.

"சர்ட்டிபிகேட்டுல காரணம் வராது மேடம். பேரு, தேதி, இடம், அப்பா அம்மா பேரு, அவ்ளோதான். காரணத்த வெளியில எழுதித் தரக்கூடாதுன்னு சட்டம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுலயும் பெருசா ஒண்ணும் இல்ல. வந்து சொல்றவங்க இன்னா சொல்றாங்களோ அதத்தான் எழுதியிருப்பாங்க. டாக்டரா பக்கத்துல நின்னாரு? இந்தப் பக்கத்தப் பாருங்க. சின்னவங்கன்னா காய்ச்சல், பெரியவங்கன்னா முதுமை. ஊருல வேற நோவே இல்லாத மாதிரி."

சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்பா சொன்னதும் காய்ச்சல், பதிவேட்டில் இருப்பதும் காய்ச்சல், அதைச் சொல்லி எழுத வைத்தவரும் அப்பாவேதான். சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நின்றேன். ஒருவேளை உண்மையிலேயே காய்ச்சலாகத்தான் இருக்கும், மகள் ஓடட்டும் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். தேதியைச் சொன்னதும் நிறுத்தினான்.

"இன்னொரு தடவ சொல்லு."

"ஜனவரி பதினஞ்சு."

"அது மாட்டுப் பொங்கல்டி."

"இருக்கட்டும், அதுக்கு இன்னா?"

அவன் சொன்னான். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது வந்த மாட்டுப் பொங்கலன்று சித்தப்பா அவனைக் கிணற்று மேட்டுக்குத் தூக்கிப்போனாராம். அப்பாவும் சித்தப்பாவும் வேலை செய்த பண்ணைக்காரருடைய காளைகளைக் கழுவி, கொம்புக்கு வண்ணம் பூசினார்களாம். மீதி வண்ணத்தை அண்ணனின் இரண்டு உள்ளங்கையிலும் பூசிவிட்டு, "நீயும் மாடுதான்டா, போ, உங்கம்மாவ முட்டு" என்று சித்தப்பா வீட்டுக்குத் துரத்திவிட்டாராம். அன்று மத்தியானமே யாரோ அவனைச் சைக்கிளில் உட்கார வைத்து, பூரணாங்குப்பத்திலிருக்கும் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது சித்தப்பா இல்லை. காய்ச்சலில் போய்விட்டார் என்றார்கள்.

"நான் இத்தினி வருசமா அது வேற நாளு, இது வேற நாளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி. காய்ச்சக்காரன் காலையில மாடு கழுவுவானா?"

எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கல் கொண்டாடியதில்லை. நமக்கு ஏது மாடு என்று அப்பா சொல்வார், நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். எனக்கும் அண்ணனுக்கும் தெரியாது. குளத்துப் பக்கம் போனதற்காக அண்ணன் வாங்கிய அடி எனக்கு நினைவிருக்கிறது. அவற்றையெல்லாம் அதுவரை நான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் அப்பா முன்னால் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. பேத்தியின் இதயத்தில் இருக்கும் சந்தேகத்தைச் சொன்னேன். மருத்துவர் எதற்காகக் கேட்டார் என்பதைச் சொன்னேன். ஓடினால் என்ன ஆகலாம் என்பதையும், அந்த மாட்டுப் பொங்கலைப் பற்றி அண்ணன் சொன்னதையும் சொன்னேன். சான்றிதழை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தூரமாகப் பிடித்துத் தம்பியின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு டிவியை அணைத்தார்.

"இத்தினி நாளா நீ ஏன்டி சொல்லல?"

"நீங்க பயப்படுவீங்கன்னு."

"நல்லாருக்குது போ" என்றார். "நானும் அதுக்குத்தான் சொல்லல."

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத முயல்கிறேன்.

"நீ உங்கண்ணன் இருந்தான்னு சொல்றது காலையில. அவன அனுப்பிட்டப்புறம் நாங்க ரெண்டு பேருந்தான். சலங்க கட்டி, மாட்ட மரத்துல கட்டியாச்சி. 'குளிச்சிட்டு வந்துடறண்ணா'ன்னான். மேலருந்து குதிச்சான். அவன் குதிச்சா சத்தமே வராது, அவ்ளோ அழகா குதிப்பான். ஒரு சுத்து வந்தான். ரெண்டாவது சுத்துல கை நின்னுடுச்சி."

"நின்னுடுச்சின்னா?"

"நின்னுடுச்சி. தவிக்கல, கத்தல. கெணத்துல குப்புறக் கெடந்தான். அவன் அப்படித்தான் வெளையாட்டு காட்டுவான், மூச்சடக்கிக்கினு மெதப்பான். 'டேய், போதும் வாடா'ன்னேன். சொல்லிட்டு மேல உக்காந்து பீடி பத்த வச்சேன்." அப்பா அங்கே நிறுத்தினார். வலது கையின் இரண்டு விரல்களைப் பார்த்துக்கொண்டார். "பாதி பீடி ஆவற வரைக்கும் உக்காந்திருந்தேன்டி. பாத்துக்கினே உக்காந்திருந்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ளவிட்டார், அதுவே அவர் வழக்கத்துக்கு மாறானது.

வெளியே செத்தவரை எங்கள் தெருவுக்குள் கொண்டுவர மாட்டார்கள். கிணற்றில் செத்தால் கிணற்று மேட்டிலிருந்து நேராகச் சுடுகாடுதான். வீட்டுக் கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்து, பெற்றவள் மடியில் தலையைத் தூக்கி வைத்து அழ முடியாது. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. கிணற்றில் இறங்கித் தூக்கிய தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கரும்புத் தோட்டத்து வழியாக ஓடி வந்திருக்கிறார். தெருமுனை வந்ததும் கத்த ஆரம்பித்திருக்கிறார்.

"'உசுரு இருக்குது, வழி வுடுங்க, உசுரு இருக்குது'ன்னு கத்திக்கினே வந்தேன். உசுரு இல்லன்னு எனக்குத் தெரியும். ஒடம்பு சில்லுனு இருந்துச்சி. தெருவே வெளிய வந்து நிக்குது. பெரிய தலைங்க நாலு பேரு முனையிலேயே உக்காந்திருந்தாங்க. பாத்தாங்க. பாத்தா தெரியாதா அவுங்களுக்கு? ஒருத்தரும் மறிக்கல. எழுந்து வழி வுட்டாங்க."

கூடத்தில் கிடத்தி, வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றி, அது வழிந்து வெளியே வந்தபிறகுதான் தம்பி போய்விட்டான் என்று அப்பா வாய்விட்டு அழுதாராம்.

"வூட்டுலதான் செத்தான்னு ஆயிடுச்சி இல்ல? அப்புறம் மேரியில மட்டும் மாத்திச் சொல்ல முடியுமா? இன்னா நோவுன்னு கேட்டாங்க. காய்ச்சல்னேன். தண்ணியில செத்தான்னா போலீசு வரும், எடுத்துக்கினு போயி அறுப்பாங்க." பிறகு ஒரு சின்னப் பையன் கேட்பதுபோலக் கேட்டார்: "பொய் சொல்லி எழுதினதுக்கு இப்ப புடிப்பாங்களா?"

"யாரும் புடிக்க மாட்டாங்கப்பா. ஆனா டாக்டர்கிட்ட வந்து நீங்களே சொல்லணும். நான் சொன்னா செல்லாது."

செல்லாது என்று மருத்துவர் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்டது. அந்த இரண்டு விரல்களோடு அவரை அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. அன்றே வில்லியனூருக்கு அழைத்துவந்துவிட்டேன்.

மருத்துவர் அறையில் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். உட்காருங்கள் ஐயா என்று இரண்டு தடவை சொன்னபிறகுதான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பீடியையும் விடாமல் சொன்னார். மருத்துவர் நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"அவருக்கு நல்லா நீச்சல் தெரியுமா?"

"மீனு மாதிரிங்க."

"ஐயா, நீங்க அந்த நேரத்துல குதிச்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியுமான்னு சொல்ல முடியாது. கை நின்னப்பவே இதயம் தப்பியிருக்கும். அந்தக் கெணத்து மேட்டுல நானே நின்னிருந்தாலும் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல."

அப்பா தலையாட்டினார். அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

என் மகள் சுவரோரம் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் வரும்போது, தன் ஓட்டத்தை நிறுத்துவதற்காக அம்மா சாட்சி சேர்த்துக்கொண்டு வருகிறாள் என்று என் கணவரிடம் முறையிட்டவள். இப்போது மருத்துவரை விட்டுவிட்டு நேராகத் தாத்தாவிடம் கேட்டாள்.

"தாத்தா, அதுக்கு முன்னாடி எப்பயாவது அவரு மயங்கி விழுந்திருக்காரா?"

"ரெண்டு தடவ. ஒண்ணு கரும்புக் கட்டு தூக்கிக்கினு ஓடறப்ப. இன்னொண்ணு கபடியில. பசிதான்னு அவனே சொன்னான். நாங்களும் பசின்னு வுட்டுட்டோம்."

அவள் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும்தான்" என்றாள்.

"என்னடி எனக்கும்?"

"இது மூணாவது தடவம்மா. போன வருசம் ஒரு தடவ விழுந்தேன். தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவ. விடியக்காலையில, மிஸ்ஸு வர்றதுக்கு முன்னாடி. கூட ஓடறவகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

குளியலறைக் கதவுக்கு வெளியே நான் காவல் நின்ற நாட்களுக்கு முன்பே, விடியாத மைதானத்தில் இரண்டு தடவை இவள் விழுந்து, இரண்டு தடவை தானே எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, நான் சுட்ட தோசையைச் சாப்பிட்டிருக்கிறாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா ஓடவுட மாட்டீங்க."

கை ஓங்கிவிட்டேன். எதற்கு ஓங்கினேன் என்று தெரியாமல் அப்படியே அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் அழுததில் என் தோள் நனைந்தது. யாரை முதலில் தேற்றுவது என்று தெரியாமல் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இனிமே இது பார்டர் இல்ல" என்று பிறகு சொன்னார். தினமும் மாத்திரை. விட்டுப்போகக் கூடாது. போட்டி ஓட்டம் கிடையாது, நீச்சல் கிடையாது. எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொன்ன பிறகுதான் வேறு மருந்து வாங்க வேண்டும். இவற்றோடு இருந்தால் அவள் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், எல்லோரையும்போல வாழலாம். எனக்கும் அப்பாவுக்கும் அங்கேயே ஈசிஜி எடுத்தார்கள். இரண்டிலும் அந்த நீளம் இருந்தது. அண்ணனையும் அவன் பிள்ளைகளையும் அந்த வாரமே வரச் சொன்னார்.

"அப்ப எங்கிட்டருந்துதான் இதுக்குப் போச்சா?" என்று அப்பா கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடி யார்கிட்டருந்தோ உங்களுக்கு வந்தது ஐயா. இன்னும் யாருக்கெல்லாம் பாக்கணும்ன்றதுதான் இப்ப நம்ம வேலை. அதுக்கு நீங்கதான் வழி சொல்லியிருக்கீங்க."

வெளியே வந்து மருந்து வாங்கினோம். என் கணவர் அண்ணனுக்குப் போன் செய்யப் போனார். மகள் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்த ஆசிரியைக்குச் செய்தி அடித்தாள். அடித்துவிட்டு அழித்தாள், திரும்ப அடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதது போலப் பார்த்தேன். கடைசியில் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்தை அந்த நேரத்தில் அவளிடம் காட்டுவதும் நியாயமாகத் தெரியவில்லை.

அப்பா மாத்திரை அட்டையை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, ஒன்றைப் பிதுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பேத்தியிடம் நீட்டினார்.

"இந்தா, மொத மாத்திரைய என் முன்னாடி போட்டுக்கோ."

"வூட்டுக்குப் போய்ப் போட்டுக்கறேன் தாத்தா."

"இந்தக் குடும்பத்துல யாரு பேச்சையும் நம்பக் கூடாது. என் பேச்சையும் சேத்துத்தான். போடு."

அழுகையின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

"முழுங்கிட்டியா? வாயத் தொற."

திறந்தாள்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, அப்பா இடுப்பில் கைவைத்துக் குனிந்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, அவள் வாய்க்குள் நன்றாகப் பார்த்தார்.